டிஜே செட்ல சொந்த ட்ராக் போடலாமா, இல்ல மத்தவங்க பாட்டு மட்டும்தானா?

உறுமி122:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா டிஜே பண்ணிட்டிருக்கேன். சென்னைல ஓஎம்ஆர் பக்கம் ஒரு பப்ல சனிக்கிழமை வார்ம்-அப் ஸ்லாட், அதாவது மெயின் டிஜே வர்றதுக்கு முன்னாடி கூட்டத்த சூடேத்தற நேரம், 9 மணிலேர்ந்து பத்தரை வரைக்கும். வீட்ல எஃப்எல் ஸ்டுடியோங்கற மியூசிக் சாஃப்ட்வேர்ல சொந்தமா ட்ராக்கும் பண்றேன், இதுவரை 11 முடிச்சிருக்கேன். போன வாரம்தான் முதல் தடவையா அதுல ஒண்ண செட்ல போட்டேன். எங்க ஊர் மாரியம்மன் திருவிழால நானே மொபைல்ல ரெக்கார்ட் பண்ண உறுமி, அந்த வளைஞ்ச குச்சிய தோல் மேல தேய்ச்சு இழுக்கும்போது ஒரு முனகல் வருமே, அத லூப் பண்ணி கீழ 122 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 122 பீட்) கிக், அதாவது தம் தம்னு விழற ட்ரம் அடி, வச்சது. நான் பண்ணதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

பத்து மணி வாக்குல போட்டேன், ஒரு நிமிஷம்கூட ஆகல, பூத்துக்கு முன்னாடி ஆடிட்டிருந்த ஏழெட்டு பேர் ஒவ்வொருத்தரா டேபிளுக்குப் போயிட்டாங்க. பதறிப்போய் பாதிலயே வேற ட்ராக்குக்கு மிக்ஸ் பண்ணிட்டேன். செட் முடிஞ்சதும் மெயின் டிஜே அண்ணன் கூப்பிட்டு, "உன் பாட்ட வீட்ல போடு தம்பி, இங்க ஜனங்க பாட்ட போடு"ன்னு சொன்னாரு. திட்டல, அன்பாதான் சொன்னாரு, ஆனா ஒரு வாரமா அது மனசுலயே நிக்குது. இன்னொரு பக்கம் ப்ரொட்யூஸ் பண்ற ஃப்ரெண்ட் ஒருத்தன், சொந்த ட்ராக் போடாட்டி நீ வெறும் ப்ளேலிஸ்ட்தான்டாங்கறான். ரெண்டு பேர் சொல்றதும் சரின்னுதான் தோணுது. டிஜேன்னா சொந்த மியூசிக் போடணுமா, அடுத்தவங்க ரெக்கார்ட்தான் போடணுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மைக்செட்மகன்:

தம்பி, எனக்கு உங்க கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அவ்வளவா தெரியாது, கல்யாணம் காதுகுத்துக்கு டிஜே சிஸ்டம் வச்சு ஓட்டறேன், உசிலம்பட்டி பக்கம். எங்கப்பா அதே ஊர்ல மைக்செட் வச்சிருந்தாரு, தென்னமரத்துல குழாய் கட்டி தட்டு ஓட்டற காலம். ஒரு தகரப் பெட்டில இசைத்தட்டு அடுக்கி வச்சிருப்பாரு, அதுல சில தட்டு உறை மேல சிவப்பு மையில ஒரு புள்ளி இருக்கும். சின்ன வயசுல அது என்னன்னு கேட்டேன். அந்தப் புள்ளி இருந்தா பின்பக்கம் சோகப் பாட்டுன்னு அர்த்தமாம், கல்யாண வீட்ல கைதவறிக்கூட திருப்பிப் போட்டுடக் கூடாதுன்னு அந்த அடையாளம். விடியக்காலைல சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு, தாலி கட்டற நேரத்துல கெட்டிமேளம் கேக்கணும்னு செட்டையே அமத்திடறது, பந்தி நடக்கும்போது அலறாத பாட்டு, சாயந்திரம் சின்னப் பசங்க மைக்செட் பக்கத்துல வந்து நிக்க ஆரம்பிச்சதும் ஆட்டப் பாட்டு, இதெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கல. அவர் சொந்தமா ஒரு வரிகூடப் பாடினதில்ல, ஆனா பக்கத்து ஊர்க்காரங்க தேதிய மாத்திக்கிட்டாவது அவரத்தான் கூப்பிடுவாங்க, ஏன்னா எந்த நேரத்துக்கு எந்தத் தட்டுன்னு அவருக்குத் தெரியும். அதனால அடுத்தவன் பாட்டு போடறவன் வெறும் ப்ளேலிஸ்ட்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது. அந்தப் பையன்கிட்ட சொல்லு, நாலு கல்யாணத்துக்கு என்கூட வந்து நிக்கட்டும்.

உன் பாட்டு போடாதன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான தம்பி. அந்தப் பத்து மணிக்கு அங்க அந்தப் பாட்டுதான் வேணும்னு போட்டியா, இல்ல உன் பாட்டுங்கறதால போட்டியா? அத மட்டும் யோசி.

நடுநிசி909:

மேல அண்ணன் சொன்ன கடைசி வரிக்கு ஒரு நூறு லைக். இந்தக் கேள்விக்கு சிகாகோல ஒரு கதை இருக்கு, ஹவுஸ் மியூசிக்னு அங்க பொறந்த க்ளப் இசை பிடிச்சவங்க பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா இந்தக் கோணத்துல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

1980கள்ல சிகாகோல மியூசிக் பாக்ஸ்னு ஒரு க்ளப், அங்க ரான் ஹார்டிதான் டிஜே. டிஜே பியரும் அவர் ஃப்ரெண்ட்ஸும் ஃப்யூச்சர்ங்கற பேர்ல ஒரு டேப் பண்ணாங்க. ரோலண்ட் கம்பெனியோட டிபி-303னு ஒரு சின்ன வெள்ளிக் கலர் பெட்டி, கிட்டார் வாசிக்கறவங்களுக்கு பேஸ் துணை குடுக்கறதுக்காக 1981ல விட்டு, விக்காம 1984ல நிறுத்தினது, பழைய சாமான் கடைல கம்மி விலைக்குக் கெடச்சது. அதோட குமிழத் திருகித் திருகி, தண்ணி கொப்புளிக்கற மாதிரி, கத்தற மாதிரி ஒரு சத்தம் எடுத்தாங்க. அந்த டேப்ப ரான் ஹார்டிகிட்ட குடுத்தாங்க. முதல் தடவ போட்டப்ப டான்ஸ் ஃப்ளோர் காலி. அவர் விடல, அதே ராத்திரி திரும்பப் போட்டாரு, மறுபடியும் போட்டாரு, நாலாவது தடவ போட்டப்ப ஜனங்களுக்குப் பித்து பிடிச்ச மாதிரி ஆகிடுச்சு. பேர் தெரியாததால ஆட வந்தவங்களே அதுக்கு "ரான் ஹார்டியோட ஆசிட் ட்ராக்"னு பேர் வச்சாங்க, 1987ல ரெக்கார்டா வந்தப்ப பேர் ஆசிட் ட்ராக்ஸ். ஆசிட் ஹவுஸ்னு ஒரு வகையே அங்கேர்ந்துதான் பேர் வாங்குச்சு.

இதுல ரெண்டு விஷயத்தப் பாருங்க. ஃப்ளோர் காலியானது ட்ராக் மட்டம்ங்கறதுக்கு சாட்சி இல்ல, புதுசா ஒண்ணு கேட்டா காதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். இது எல்லாரும் சொல்றது. ஆனா ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். அத நாலு தடவ போட்டவர் அத பண்ணவர் இல்ல! ரான் ஹார்டி அடுத்தவன் டேப்ப நம்பி நாலு தடவ போட்டாரு. சொந்த டேப்பா இருந்திருந்தா அந்தப் பிடிவாதத்த ஜனங்க எப்படி எடுத்துட்டிருப்பாங்களோ. பண்ணவங்களும் அங்க நின்னு, ஃப்ளோர்ல என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்க முடிஞ்சது, பூத்துல கை வேலையா இல்லாம.

அதனால என் யோசனை இது நண்பா: உன் ட்ராக்க முதல் தடவ நீ போடாத. நீ நம்பற வேற டிஜேகிட்ட யூஎஸ்பில குடு, அவங்க செட்ல எங்க வைக்கறாங்கன்னு பாரு, நீ ஸ்பீக்கர்லேர்ந்து ஒரு பத்தடி தள்ளி நின்னு கேளு. பூத்துல மானிட்டர்லயும் ஹெட்ஃபோன்லயும் கேக்கறது வேற. நான் மூணு வருஷமா இப்படித்தான் பண்றேன். ஒரு ட்ராக்ல ப்ரேக்டவுன், அதாவது நடுவுல கிக் நிக்கற இடம், ரொம்ப நீளம்னு எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது, வீட்ல 64 பீட் அழகா இருந்தது, ஃப்ளோர்ல நின்னா யுகமா இருந்தது.

இன்னொண்ணு, சொந்தப் பாட்டா மத்தவங்க பாட்டான்னு ரெண்டே கட்சியா பிரிக்கறதும் சரி இல்ல. ஹவுஸ்ங்கற பேரே எந்த க்ளப்லேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்களோ, அந்த வேர்ஹவுஸ்ல 1977லேர்ந்து வாசிச்ச ஃப்ராங்கி நக்கிள்ஸ், அடுத்தவங்க டிஸ்கோ பாட்ட டேப்ல வெட்டி ஒட்டி நீட்டித்தான் போட்டாரு. பாட்டு அவரோடது இல்ல, ஆனா அந்த வடிவத்துல அத வேற எங்கயும் கேக்க முடியாது. நியூயார்க்ல டேவிட் மன்கூசோ இதுக்கு நேரெதிர், 1970ல தன் வீட்லயே பார்ட்டி ஆரம்பிச்சவரு, பிற்காலத்துல மிக்ஸ் பண்றதையே விட்டுட்டு ஒவ்வொரு ரெக்கார்டையும் முதல்லேர்ந்து கடைசி வரை முழுசா ஓட விட்டாரு. அவர் இடத்துல ஆடினவங்க அத பெருமையா சொல்லுவாங்க. உன் ஃப்ரெண்ட்கிட்ட இதையும் சொல்லு.

ஸ்காபரோதம்பி:

நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். எங்கட சனத்தின்ர பார்ட்டியளுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறனான். இஞ்ச ஜமேக்கா ஆக்களோட சேந்து வளந்ததால சவுண்ட் சிஸ்டம், அதுதான் அவையள் ஸ்பீக்கர் கட்டி ரெக்கோட் போட்டு சனத்தை ஆட வைக்கிற செட், அதின்ர கதையள் கொஞ்சம் தெரியும். இந்தக் கேள்விக்கு அதிலதான் நல்ல பதில் இருக்கெண்டு நினைக்கிறன்.

1950களில கிங்ஸ்டனில கொக்ஸன் டொட், டியூக் றீட் எண்டு ரெண்டு பெரிய சவுண்ட் சிஸ்டக்காரர். அவையள் போட்டது முழுக்க அமெரிக்க ஆர் அண்ட் பி ரெக்கோட். மற்றவனிட்ட இல்லாத ரெக்கோட் தன்னட்ட இருக்கவேணும், அதுதான் போட்டி. யார் பாடினது எண்டு எதிராளி பாத்திடக்கூடாதெண்டு லேபிளைச் சுரண்டி எடுத்துப்போட்டுத்தான் ஓட விடுவினம். பிறகு அமெரிக்காவில றொக் அண்ட் றோல் வந்து, இவையின்ர சனம் ஆடுற மாதிரியான பாட்டு அங்கயிருந்து வாறது குறைஞ்சு போச்சு. அப்பதான் உள்ளூர்ப் பாடகரை, வாத்தியக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்த் தாங்களே பதியத் தொடங்கினவை. முதல்ல விக்கிறதுக்கு இல்லை, தங்கட சவுண்ட் சிஸ்டத்தில போடுறதுக்கு மட்டும். சனம் விழுந்து விழுந்து கேட்ட பிறகுதான் அச்சடிச்சு வித்தது. ஸ்கா எண்ட ஜமேக்கா இசை வந்தது அந்த வழியாலதான். கொக்ஸன் 1963இல ஸ்டூடியோ வண் எண்ட ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தவர், அதுக்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அப்ப பாருங்கோ, வருஷக்கணக்காய் மற்றவையின்ர ரெக்கோட்டைப் போட்டு, சனத்துக்கு என்ன வேணும், அதில எது கிடைக்கேல்லை எண்டு அறிஞ்ச பிறகு, அந்த இடத்தை நிரப்பத்தான் தங்கட பாட்டைச் செய்தவை. நீங்களும் உங்கட செட்டில ஏதோ ஒண்டு குறையுது, அது எங்கயும் வாங்கக் கிடைக்கேல்லை எண்டு எப்ப நினைக்கிறியளோ, அப்ப செய்யிற ட்ராக் தானாய் அதுக்குள்ள போய் இருக்கும். அந்த உறுமிச் சத்தம் வேற ஆரிட்டயும் இல்லைத்தானே? அதை விட்டிடாதேங்கோ.

கோவைபேஸ்லைன்:

எல்லாரும் பெரிய பெரிய கதை சொல்லிட்டாங்க, நான் கொஞ்சம் ஸ்டுடியோ பக்கம் வர்றேன்ங்க. நான் மிக்ஸிங், மாஸ்டரிங்தான் பண்றேன். உங்க ஃப்ளோர் காலியானதுக்குக் காரணம் அது உங்க பாட்டுங்கறது இல்லீங்க, பாதி காரணம் சத்தத்தோட அளவாத்தான் இருக்கும்.

ட்ராக்க மாஸ்டர் பண்ணீங்களா, அதாவது கடைசியா சத்தத்த ரிலீஸ் ஆகற அளவுக்கு சரி பண்ணீங்களா? பண்ணாம எக்ஸ்போர்ட் பண்ணி அப்படியே போட்டிருந்தா முன்னாடி ஓடின ரிலீஸ் ஆன ட்ராக்க விட இது நல்லாவே கம்மியா கேக்கும். ஆடறவங்களுக்கு வால்யூம் கொறஞ்சுதுன்னு தெரியாது, ஏதோ காத்து எறங்கின மாதிரி இருக்கும், கால் தானா நிக்கும். மிக்ஸர்ல ஒவ்வொரு சேனலோட சத்தத்தையும் சமன் பண்ற ட்ரிம் குமிழ் எதுக்கு இருக்குன்னா இதுக்குத்தான், ஹெட்ஃபோன்ல அடுத்த பாட்ட க்யூ பண்ணி முன்கூட்டியே கேக்கும்போதே மீட்டர்ல ரெண்டு சேனலும் ஒரே உயரத்துக்கு வருதான்னு பாருங்க. அப்புறம் மொபைல் ரெக்கார்டிங். மொபைல் தன்னால வால்யூம ஏத்தி இறக்கும்ங்க, உறுமி அடிக்கற இடத்துல அமுக்கிடும், இடைவெளில கூட்டத்தோட சத்தத்த மேல தூக்கிடும், அத லூப் பண்ணா அந்த ஏத்த இறக்கம் கிக்கோட சண்டை போடும். உறுமியோட சத்தத்துல கீழ்ப்பக்கம் பேஸ் இருக்கற இடத்துலயே உக்காருது, கிக்கும் அங்கதான் இருக்கு, ரெண்டும் சேந்தா குழகுழன்னு ஆகிடும். உறுமில கீழ்ப்பக்கத்த வெட்டிடுங்க, ஒரு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ அதுக்கு வேலை இல்ல, அந்த முனகல் மேலதான் இருக்கு. முடிஞ்சா ஒரு உறுமிக்காரரக் கூப்பிட்டு, காசு குடுத்து, மைக் வச்சு ஒழுங்கா ஒரு மணி நேரம் எடுங்க. அவர் பேரையும் ட்ராக்ல போடுங்க, தயவுசெஞ்சு.

பேஸ் மோனோல, அதாவது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே மாதிரி, இருக்கான்னும் பாருங்க, நெறைய இடத்துல சிஸ்டம் மோனோவாத்தான் கட்டியிருப்பாங்க, ஹெட்ஃபோன்ல அகலமா கேட்ட பேஸ் அங்க காணாமப் போயிடும். ஆரம்பத்துல வெறும் கிக்கும் ஹை-ஹாட் தாளச் சத்தமும் ஒரு 32 பீட் இருக்கா? இல்லாட்டி மிக்ஸ் பண்ண எடமே இல்லாம முன்னாடி பாட்ட டக்குன்னு வெட்டியிருப்பீங்க.

இவ்வளவும் சரி பண்ணிட்டும் ஃப்ளோர் காலியாச்சுன்னா அப்ப பாட்டப் பத்தி யோசிக்கலாம்ங்க.

செட்அப்லோடர்:

ஒரு சின்ன விஷயம். செட்ட ரெக்கார்ட் பண்ணி யூட்யூப், இன்ஸ்டால போடறவங்களுக்குத் தெரியும், அடுத்தவங்க பாட்டுன்னா காப்பிரைட் க்ளெய்ம் வரும், சில சமயம் சத்தத்தையே அமத்திடுவாங்க. சொந்த ட்ராக்னா அந்தத் தொல்லை இல்ல, நம்ம பேர் வெளிய போக அது ஒரு வழி. கல்யாண டிஜே அண்ணன்களுக்கு: 1957 காப்பிரைட் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவுல கல்யாண ஊர்வலம், கல்யாணத்தோட சேர்ந்த விசேஷங்கள்ல பாட்டு போடறதுக்கு விலக்கு இருக்கு, மொபைல்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க. பப், க்ளப்புக்கு அது பொருந்தாது, அங்க லைசென்ஸ் எடுக்கணும்.

உறுமி122:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி ஒரு மணி வரை திரும்பத் திரும்பப் படிச்சேன். கோவை அக்கா சொன்னத இப்பதான் போட்டுப் பாத்தேன், முன்னாடி ஓடின ட்ராக்க விட என்னோடது கண்ணுக்குத் தெரியற அளவு மீட்டர்ல கீழ இருக்கு, நான் அன்னைக்கு ட்ரிம்ல கையே வைக்கல. இன்ட்ரோவும் இல்ல, உறுமி எடுத்த எடுப்புல ஆரம்பிக்குது.

உசிலம்பட்டி அண்ணா, நீங்க கேட்டதுக்கு உண்மையான பதில்: என் பாட்டுங்கறதாலதான் போட்டேன். அன்னைக்குப் பத்து மணிக்கு ஜனங்க அப்பதான் சாப்பிட உக்காந்துட்டிருந்தாங்க, அந்த நேரத்துக்கு அது இல்ல. அது ராத்திரி பதினொண்ணரைக்கு மேல வர வேண்டிய ட்ராக், வார்ம்-அப்ல அதுக்கு எடமே கிடையாது, இப்ப புரியுது. ஆனா என் 11ல இன்னொண்ணு இருக்கு, 112 பிபிஎம், வெறும் தவில் சொற்கட்டும், பின்னால நீளமா நிக்கற ஒரு சிந்த் பேடும், அது ஒன்பதரைக்கு சரியா இருக்கும்னு நினைக்கறேன்.

ட்ராக்க சரி பண்ணிட்டு அந்த மெயின் டிஜே அண்ணன்கிட்டயே யூஎஸ்பில குடுக்கலாம்னு இருக்கேன். அவர் போட்டா நான் நடுவுல நின்னு கேக்கறேன். ஊர்ல உறுமிக்காரர்கிட்டயும் பேசிட்டேன், ஆவணி முகூர்த்தம் முடிஞ்சதும் வரச் சொல்லியிருக்காரு. அக்கா, ஒரே ஒரு மைக்தான் இருக்கு, எந்தப் பக்கம் வைக்கறது?

கோவைபேஸ்லைன்:

தேய்க்கற பக்கம்தான்ங்க. ஒரு முழம் தள்ளி, நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு வைங்க. அடிக்கற பக்கம் தானாவே அதுல விழும். முதல் பத்து நிமிஷம் அவர் இஷ்டத்துக்கு வாசிக்கட்டும், தாளத்துக்கு டிக் டிக்னு ஓடற கிளிக்கெல்லாம் காதுல மாட்டி விட்டுடாதீங்க.