புதுப்பிப்பு: மாதிரியின் உச்சியை உயர்த்திய பின் 2009 ஜனவரி வெப்பமேற்றம்

2009 ஜனவரியில் வடதுருவ ஸ்ட்ராட்டோஸ்பியரில் (வானிலை நிகழும் அடுக்குக்கு மேலுள்ள வளியடுக்கில்) நிகழ்ந்த திடீர் வெப்பமேற்றத்தை என் கணினி மாதிரி ஏன் காட்டவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், 60 பாகை வட அட்சத்தின் மேற்குக் காற்று வலுக்குன்றியதே தவிர, பெரும் வெப்பமேற்றத்தின் அடையாளமான திசைமாற்றம் நிகழவில்லை.

காரணம் பிடிபட்டுவிட்டது. மாதிரியின் உச்சியை 35 கிலோமீட்டருக்குச் சற்று மேலே நிறுத்தி, அலைகள் எதிரொலித்துத் திரும்பாதிருக்க அங்கே ஒரு தணிப்பு அடுக்கையும் வைத்திருந்தேன். கீழிருந்து எழும் கோள் அலைகள் (பூமியைச் சுற்றி வளையும் காற்றின் பேரலைகள்) மேலே சென்று மேற்குக் காற்றை மட்டுப்படுத்துவதே இந்நிகழ்வின் உயிர்நாடி என்பதை 1971-இல் வளிமண்டல ஆய்வாளர் மட்சுனோ விளக்கியிருக்கிறார். அந்த அலைகளைத்தான் என் தணிப்பு அடுக்கு உரிய இடத்தை எட்டுமுன் விழுங்கிக்கொண்டிருந்தது.

உச்சியை 80 கிலோமீட்டருக்கு உயர்த்தி, ஈர்ப்பலைகள் (மலை, புயல் போன்றவை காற்றில் எழுப்பும் சிறு அலைகள்) காற்றின்மீது செலுத்தும் இழுவையையும் சீரமைத்து மீண்டும் ஓட்டினேன். துருவச் சுழல், அதாவது துருவத்தைச் சுற்றும் அந்த மேற்குக் காற்றின் வளையம், முதலில் நீண்டு, நடுவில் நிலக்கடலை போல் ஒடுங்கி, பின்பு இரண்டாகப் பிளந்தது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் எண்ணும் எதிர்க்குறிக்கு மாறியது; அதாவது காற்று திசை மாறியது. அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குறை எஞ்சியிருக்கிறது. நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தொடங்கிய ஓட்டங்கள் பிளவைக் காட்டுகின்றன. மூன்று வாரம் முன்பிருந்து தொடங்கியவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. தொடக்க நிலையின் சிறு பிழைகள் அந்த இடைவெளியில் பெருகிவிடுவதால், இதை மாதிரியின் பிழையாக நான் கருதவில்லை.