பத்தி படித்து விடை எழுதும் பயிற்சி: 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள்?

திருத்துமேசை

விடைத்தாள்களில் ஓயாமல் கண்ணில் படுவது இதுதான்: பிள்ளைகள் பத்தியைப் படிப்பதில்லை. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அகப்பட்ட வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். நேரடி வினாவுக்கு அதிலேயே மதிப்பெண் விழுந்துவிடுவதால் பழக்கம் ஊறிப்போகிறது. இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்தே வரி போதும்:

"வாசலில் சைக்கிள் மணி கேட்டது. முத்து புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் தள்ளினான். 'இன்னுமா தூங்கலை?' என்றார் அப்பா. 'இப்பதான் முழிச்சேன்' என்றான். மேசை விளக்கின் மூடி தொட்டால் சுட்டது."

(அ) முத்து புத்தகத்தை எங்கே வைத்தான்? (ஆ) மணி கேட்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான்? (இ) 'இன்னுமா' என்பதிலிருந்து என்ன தெரிகிறது?

(அ) யாருக்கும் தப்பாது. (ஆ)வுக்குப் பலர் "தூங்கிக்கொண்டிருந்தான்" என்பார்கள். எந்த வரி என்று கேட்டால் 'இப்பதான் முழிச்சேன்' என்பதைக் காட்டுவார்கள். பாத்திரம் வாயால் சொல்வதும் கதை சொல்வதும் ஒன்றென்று நினைப்பதால் வரும் பிழை இது. சுடுகிற விளக்கு மூடி அவர்கள் கண்ணில் படவே இல்லை. (இ)க்கு "தூங்கும் நேரம் தாண்டிவிட்டது" என்றால் முழு மதிப்பெண். "அப்பா முன்பே அடித்திருப்பார்" என்றால் பூஜ்யம்; அது ஊகம், பத்தியில் அதற்கு இடமே இல்லை. உய்த்துணர்வதற்கும் இட்டுக்கட்டுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒருமுறையாவது பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஏழாம் வகுப்புத் தமிழ்

இதற்குக் கைகண்ட வழி, மதிப்பெண்ணைப் பிரிப்பது. 2 மதிப்பெண் வினா என்றால் விடைக்கு 1, ஆதாரத்துக்கு 1. பத்தியில் வாக்கியத்துக்கு வாக்கியம் எண் போட்டுவிடுங்கள். விடைக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஆதாரமாக அடிக்கோடு இடும் பகுதி ஆறு சொற்களுக்கு மேல் போகக்கூடாது. இந்த வரம்பு இல்லாவிட்டால் பத்தி முழுக்கக் கோடு இழுத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் வாசிப்பில் கையில் பென்சில் வேண்டாம். இரண்டாவதில் மட்டும். முதலிலேயே பென்சில் இருந்தால் பெயர்களுக்கும் எண்களுக்கும் கோடு போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

சொல்லும் பொருளும்

மேலே சொன்னதெல்லாம் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் தனியாகக் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம். யார் செய்தது என்பதை வினைமுற்றின் வால் சொல்லிவிடும். "பார்த்தாள். சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை." முதல் இரண்டும் வெவ்வேறு ஆள் என்பதை -ஆள், -ஆர் காட்டிவிடுகின்றன. மூன்றாவது? 'வில்லை'யில் திணை, பால், எண், இடம் எதுவும் கிடையாது. பேசாமல் இருந்தது யார் என்று முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளோ கடைசியாக வந்த ஆளின் தலையில் கட்டிவிடுவார்கள். பயிற்சி எளிது: எழுவாய் இல்லாத வினைமுற்று ஒவ்வொன்றின் மேலும் யார் என்று சின்னதாகப் பெயர் எழுதுவது. 150 சொல் பத்திக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இன்னொன்று நாம், நாங்கள். "'நாளைக்கு நாங்க கிளம்புறோம்' என்றாள் அக்கா. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்." தம்பிக்கு ஏன் வருத்தம்? விடை முழுக்க 'நாங்க' என்ற சொல்லில் இருக்கிறது. கேட்பவன் அதில் சேர்த்தி இல்லை. வீட்டில் இதைப் பிழையில்லாமல் பேசுகிற பிள்ளை தாளில் கண்டால் தாண்டிப் போய்விடும். -உம், -ஏ, தான், கூட எல்லாவற்றையும் இப்படியே பார்க்கலாம். "அவனும் வந்தான்" என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள்.

திருத்துமேசை

'வில்லை' விஷயம் சரியான பிடி. செய்யுளில் அது இன்னும் படுத்தும்.

செய்யுள் பக்கம்

ஆமாம், செய்யுளில் சொற்கள் இடம் மாறி நிற்கும். பொருள்கோளை, அதாவது செய்யுளின் சொற்களை எப்படிக் கூட்டிப் பொருள் கொள்வது என்பதை, நன்னூல் எட்டு வகையாகப் பிரித்ததே இதற்காகத்தான். அந்தப் பெயர்களை ஆறாம் வகுப்பில் ஒப்பிக்கச் சொல்ல வேண்டியதில்லை, வேலை தெரிந்தால் போதும். பயிற்சிக்காக எழுதிய நான்கு வரி:

மறந்தும் திரும்பவில்லை
கரையை விட்ட ஓடம்
கையசைத்த சிறுமி
இன்னும் நிற்கிறாள்

"திரும்பாதது யார்?" என்றால் "சிறுமி" என்று எழுதுவார்கள், ஆள் என்று அங்கே இருப்பது அவள் ஒருத்திதானே. இதை அவிழ்க்கும் முறை: முதலில் சேர்ந்து நிற்கும் சொற்களைப் பிரிக்கவும். வினைமுற்றுகளை வட்டமிடவும் (இங்கே திரும்பவில்லை, நிற்கிறாள்). வட்டம் ஒவ்வொன்றிடமும் 'யார், எது' என்று கேட்கவும். பிறகு உரைநடை வரிசையில் எழுதவும்: கரையை விட்ட ஓடம் மறந்தும் திரும்பவில்லை. நயம், உவமை எல்லாம் அதற்கு அப்புறம். வரி முடிந்தால் வாக்கியம் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். அதனால் வரி இறுதியில் நிறுத்தாமல், கருத்து முடியும் இடத்தில் நிறுத்தி உரக்கப் படிக்க வைப்பது நல்லது.

வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்

வினாக்களை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போவது நல்லதா?

ஏழாம் வகுப்புத் தமிழ்

தேர்வறையில் நேரம் மிச்சம், அங்கே சரி. பயிற்சியில் கூடாது என்பேன். மேலே சொன்ன சொல் வேட்டையை நாமே ஊட்டி வளர்ப்பதாகிவிடும். வினாத்தாளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்து முடித்ததும் பிள்ளையையே இரண்டு வினா எழுதச் சொல்லுங்கள், அதில் ஒன்றேனும் 'ஏன்' என்று தொடங்க வேண்டும். பாலின்சர், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பழக்கியவை நான்கு: சுருக்கிச் சொல்வது, வினா எழுப்புவது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து வருவதைக் கணிப்பது. நான்கையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

சொல்லும் பொருளும்

பத்தியின் பொருளும் முக்கியம். ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1988இல் 7, 8ஆம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களே ஆனாலும், ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே ஒரே பத்தியை வைத்து 'இவனுக்கு வாசிப்பு வராது' என்று முத்திரை குத்தக்கூடாது. கடல் பற்றி ஒன்று, கடிதம் ஒன்று, உரையாடல் ஒன்று என்று மூன்று பத்தியாவது பார்த்துவிட்டுப் பேச வேண்டும். பத்தியின் களம் புதிது என்றால் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டுக் கொடுங்கள். கதையை உடைக்காமல், களத்தை மட்டும்.

வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்

பத்தி பிள்ளைக்குக் கடினமா இல்லையா என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

திருத்துமேசை

100 சொல்லை எண்ணிக்கொண்டு, தெரியாத சொற்களைத் தொடச் சொல்லுங்கள். ஐந்தைத் தாண்டினால் தனியே படிக்கக் கொடுக்க வேண்டாம், கூட உட்கார்ந்து படிக்கலாம். கோடிட்ட இடம் நிரப்பும் முறையும் உண்டு. வில்சன் டெய்லர் 1953இல் கொண்டுவந்தது. வழக்கமாக ஐந்தாவது சொல் ஒவ்வொன்றையும் நீக்குவார்கள். தமிழில் ஒரே சொல்லுக்குள் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது கொஞ்சம் கொடுமை; ஏழாவது சொல்லை நீக்கினால் போதும். முதல் வாக்கியத்தில் கை வைக்காதீர்கள். 'வீட்டிலிருந்து' வர வேண்டிய இடத்தில் 'வீட்டுக்கு' என்று எழுதினால் வெறும் தவறு என்று அடித்துவிடாமல் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சொல் பிடிபட்டிருக்கிறது, வாக்கியம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.