ஓஸ் வழியாக எவ்வளவு காற்று வருகிறது? கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் விசைத்தறியில் பஞ்சுத் தூசியை கம்ப்ரசர் காற்றால்தான் ஊதுகிறோம். கடைசித் தறிவரை 20 மீட்டர் ஓஸ், உள்விட்டம் 8 மில்லிமீட்டர். அங்கே போனதும் காற்று சோர்ந்துவிடுகிறது. பாவு நூல்களைச் சீப்புபோல் பிரிக்கும் அச்சுக்கும், அவற்றைத் தூக்கி இறக்கும் விழுதுக்கும் நடுவே ஒட்டிய பஞ்சு அசையவே மாட்டேன் என்கிறது.

ஃப்ளோ மீட்டர் இல்லை. அதனால் கம்ப்ரசர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓஸைத் திறந்துவிட்டேன். 200 லிட்டர் டேங்க் 7 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்க 40 விநாடி. 200ஐ இறங்கிய 2 பாரால் பெருக்கினால் 400 லிட்டர் வெளிக்காற்று (சாதாரண அழுத்தத்தில் உள்ள காற்று), அதாவது நிமிடத்துக்குச் சராசரி 600 லிட்டர். டேங்குக்குள் காற்று விரிந்து குளிர்வதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் குறையும். சரிதானே?

12 மில்லிமீட்டர் ஓஸ் போட்டால் அதே காற்றுக்கு அழுத்த இழப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஓஸை இணைக்கும் கப்ளிங்கும் காற்றை ஊதும் கன்னும் பழைய அளவிலேயே இருந்தால் பலன் இருக்குமா? மாற்றிப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.