காய்ந்த விதைக்கு உயிர் இருக்கிறதா? சோதனை செய்து காட்ட முடியுமா?

கேள்வி: சுடர்விழி

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு உயிருள்ளவை, உயிரற்றவை பாடம் நடக்கிறது. நகர்தல், சுவாசித்தல், உணவு எடுத்தல், வளர்தல், கழிவு நீக்கம், தூண்டலுக்குத் துலங்கல், இனப்பெருக்கம் என்று ஏழையும் மனப்பாடம் செய்துவிட்டாள். அதோடு விட்டால் பரவாயில்லை, காய்ந்த பட்டாணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஏழில் ஒன்றுகூடச் செய்யவில்லை, ஆனால் மெழுகுவர்த்திச் சுடர் நகர்கிறது, வளர்கிறது, ஆக்சிஜனை எடுக்கிறது, பக்கத்துத் திரியில் பற்றி இரண்டாகிறது, அப்போ எதற்கு உயிர் இருக்கு?" என்று கேட்கிறாள். விதைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். "புத்தகத்தில் இருக்கு" என்று சொல்லாமல், அவளே கண்டுபிடிக்கிற மாதிரி வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1: கரும்பலகை

நல்ல கேள்வி, மகளிடம் சொல்லுங்கள். அந்த ஏழு பண்புகளும் அடையாளம் காண உதவும், அவ்வளவுதான். கோவேறு கழுதை பெரும்பாலும் குட்டி போடாது, அதற்காக அதை உயிரற்றது என்று யாரும் சொல்வதில்லை. சுடருக்கு செல் கிடையாது, தன்னைப் பற்றிய எந்தத் தகவலையும் அடுத்த சுடருக்குக் கடத்துவதும் கிடையாது, எந்தத் திரியில் பற்றினாலும் எரிபொருளும் காற்றும்தான் அதன் உருவத்தை முடிவு செய்கின்றன. விதைக்குள் செல்களால் ஆன கரு இருக்கிறது.

சோதனைக்கு வருவோம். மூன்று தெர்மாஸ் பிளாஸ்க், ஒரே அளவு, ஒரே வகை. ஒன்றில் ஊறவைத்து முளைகட்டிய பட்டாணி. இரண்டாவதில் அதே எண்ணிக்கையில் ஊறவைத்து, வேகவைத்து, நன்றாக ஆறவிட்ட பட்டாணி. மூன்றாவதில் காய்ந்த பட்டாணி. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயைப் பஞ்சால் அடைத்து, வெப்பநிலைமானியின் குமிழ் விதைகளுக்கு நடுவே இருக்கும்படி வையுங்கள். இறுக்கமான மூடி வேண்டாம், முளைக்கும் விதைக்கு ஆக்சிஜன் போக வேண்டும். காலையும் மாலையும் அளந்து மூன்று நாள் குறித்துக்கொண்டால் போதும், முளைவிட்ட பிளாஸ்க் சில டிகிரி சூடேறியிருக்கும். சுவாசத்தில் வெளிவரும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது.

முக்கியமாக, எந்த பிளாஸ்க் சூடாகும், ஏன் என்று தொடங்குவதற்கு முன்பே அவளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு எழுதுவது கருதுகோள் ஆகாது.

பதில் 2: பிப்பெட்

பள்ளி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மேலே சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பூஞ்சை. வேகவைத்த பட்டாணி ஈரத்தோடு அடைந்து கிடந்தால் இரண்டாம் நாளே பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறிவிடும், அவையும் சுவாசிக்கும், செத்த விதை இருக்கும் பிளாஸ்க்கும் சூடேறும், பிள்ளை "செத்த விதையும் சுவாசிக்குது" என்று எழுதி வைப்பாள். அதனால் பிளாஸ்க்கில் போடுவதற்கு முன் எல்லா விதைகளையும், காய்ந்தவை தவிர, பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு சலவை ப்ளீச் கலந்த கரைசலில் பத்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். இதை நீங்கள் செய்யுங்கள், மகள் வேண்டாம். ப்ளீச்சோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ தப்பித்தவறிக்கூடச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

பாதரச வெப்பநிலைமானி வேண்டாம், சிவப்புத் திரவம் உள்ளதோ டிஜிட்டலோ போதும். முடிந்ததும் பிளாஸ்க்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கக் கூடாது, பூஞ்சை வித்துகள் உள்ளே போகும். அந்தப் பட்டாணியை யாரும் வாயில் போட்டுவிடாமல் உடனே குப்பையில் கொட்டிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். (பிள்ளைகள் போடுவார்கள், நம்புங்கள்.)

இன்னொன்று, அடுத்த முறை பிளாஸ்க்குகளை மாற்றி வைத்துச் செய்யுங்கள். ஒரு பிளாஸ்க் மட்டும் வெப்பத்தை நன்றாகப் பிடித்து வைப்பதாக இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

பதில் 3: நேர்கோடு

இவ்வளவு பாடு எதற்கு? ஈரத்துணியில் போட்டு முளைக்க வைத்தால் தீர்ந்தது. முளைத்தால் உயிர், இல்லையென்றால் இல்லை.

பதில் 4: கரும்பலகை

@நேர்கோடு அதுவும் நல்ல சோதனைதான், ஆனால் "இல்லையென்றால் இல்லை" என்பது சரியில்லை. சில விதைகள் உயிரோடு இருந்தும், குளிர்காலம் ஒன்றைக் கடக்காமலோ தோல் கீறப்படாமலோ முளைப்பதே இல்லை. இஸ்ரேலில் உள்ள மசாதா கோட்டையில் அகழ்ந்தெடுத்த, ஏறக்குறைய 2000 ஆண்டு பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005-ல் முளைத்தது.

@பிப்பெட் பூஞ்சை பற்றிச் சொன்னது மிகச் சரி. 1668-ல் இத்தாலிய அறிவியலாளர் ரெடிக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல்தான். அழுகும் இறைச்சியில் புழு தானாகத் தோன்றுகிறதா என்று பார்க்க, இறைச்சியைத் திறந்த பாத்திரத்திலும் மூடிய பாத்திரத்திலும் வைத்தார், திறந்ததில் மட்டும் புழு வந்தது. "மூடினால் காற்று போகாதே, அதனால்தான் புழு இல்லை" என்று சொல்ல இடமிருந்தது, ஆகவே மெல்லிய வலைத்துணி கட்டிய பாத்திரத்தையும் சேர்த்தார். காற்று போனது, ஈ போகவில்லை, இறைச்சியில் புழுவும் இல்லை. யாராவது ஓட்டை கண்டுபிடித்தால் கோபப்படாமல் இன்னொரு பாத்திரம் சேர்ப்பதுதான் இந்த வேலை.

சுடர்விழி

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். காய்ந்த பட்டாணி பிளாஸ்க்கும் வெந்த பட்டாணி பிளாஸ்க்கும் ஒரே அளவு காட்டினால் என்ன சொல்வது? "அப்போ காய்ந்ததும் செத்ததுதானே" என்பாளே.

பதில் 5: பிப்பெட்

பெரும்பாலும் அப்படித்தான் காட்டும், அதற்காகத்தான் மூன்றாவது பிளாஸ்க். காய்ந்த விதையில் தண்ணீர் மிகக் குறைவு, சுவாசம் அவ்வளவு மெதுவாக நடப்பதால் வீட்டு வெப்பநிலைமானிக்கு எட்டாது. "கருவி காட்டவில்லை" என்பது வேறு, "நடக்கவில்லை" என்பது வேறு. உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள், இரண்டையும் பிரித்துக் காட்ட என்ன செய்யலாம் என்று அவளிடமே கேளுங்கள். காய்ந்த பிளாஸ்க்கிலிருந்து பத்தும் வெந்ததிலிருந்து பத்தும் எடுத்து ஈரத்துணியில் வைத்துப் பார்க்கலாம் என்று அவளே சொல்லக்கூடும், நேர்கோடு சொன்ன சோதனை அங்கேதான் பயன்படும். விதைப் பரிசோதனைக் கூடங்களில் டெட்ரசோலியம் என்ற உப்புக் கரைசலில் ஊறிய விதைகளை வைப்பார்கள், கருவில் உயிருள்ள பகுதி சிவப்பாகும். அது வீட்டுக்கு வேண்டாம்.

கடைக்காரர் உடைத்த பட்டாணியைக் கொடுத்தால் வாங்காதீர்கள், தோலுள்ள முழுப் பட்டாணிதான் வேண்டும். உடைத்ததில் கரு சிதைந்திருக்கும், முளைக்காது.