மூடுபனியும் வேண்டும், கல்லறை எழுத்தும் தெரிய வேண்டும்: வழி சொல்லுங்கள்

தேயிலைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு படத்துக்காக மூன்று முறை ஊட்டிக்குப் போய் வந்துவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை.

புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னால் சரிவில் ஏறிப் போகும் கல்லறைத் தோட்டத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1829இல் அடிக்கல் நாட்டி 1831இல் வழிபாட்டுக்குத் திறந்த கோயில். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் அங்கேதான் அடக்கம். நான் எடுக்க நினைப்பது அந்தக் கல்லறையை அல்ல. இன்னும் மேலே, மரத்தடியில் ஒரு குழந்தையின் கல் நிற்கிறது. வெள்ளைப் பளிங்கு, என் முழங்கால் உயரம்தான் இருக்கும். பெயர் பாதி தேய்ந்துவிட்டது. கீழ் வரியில் மாதக் கணக்கில் வயது எழுதியிருக்கிறது. முதல் தடவை அதைப் படித்துவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றேன். பனி சூழ்ந்திருக்க அந்தக் கல் தனியாக நிற்க வேண்டும், அதே படத்தில் அந்த வரியையும் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, 18-55 மி.மீ. லென்ஸ், தூரத்தை இழுக்கும் 55-200 மி.மீ. லென்ஸ், ஒரு முக்காலி. பனியில் எடுத்தால் படம் முழுக்க அழுக்குச் சாம்பலாக வருகிறது. 200இல் எடுத்தால் இன்னும் மோசம். கல் தெரிகிறது, எழுத்து மட்டும் வழித்துத் துடைத்த மாதிரி காணாமல் போகிறது. ஃபிளாஷ் போட்டால் லென்ஸுக்கு முன்னால் வெள்ளைப் பொட்டு பொட்டாக நிரம்பிவிடுகிறது. சாக்பீஸ் தடவினால் எழுத்து பளிச்சென்று தெரியும் என்று ஒருவர் சொன்னார். மனசு ஒப்பவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பழையலென்ஸ்:

தங்கச்சி, முதலில் சாக்பீஸை மறந்துவிடுங்கள். மனசு ஒப்பாதது ரொம்பச் சரி. மாவு, ஷேவிங் கிரீம், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். பழைய பளிங்கின் மேல்பரப்பு மழைநீரின் அமிலத்தில் அரிபட்டுச் சர்க்கரை மாதிரி ஆகியிருக்கும். தேய்த்தால் மணிமணியாக உதிரும். சாக்பீஸ் தூள் அந்த நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அடுத்த மழையிலும் போகாது.

சாம்பல் நிறத்துக்கு வருகிறேன். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றுதான் நினைக்கும். வெள்ளைப் பனியைக் காட்டினாலும் சாம்பலாக்கித்தான் தரும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் 1 வரை தள்ளுங்கள். ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், வலது ஓரத்தை முட்டாமல், ஆனால் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுங்கள். நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள். ஆட்டோ அந்தப் பனியின் நீலத்தைத் துடைத்துவிடும்.

அப்புறம் 55-200ஐப் பையிலேயே விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து எடுத்தால் உங்களுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற பனி அத்தனையும் படத்துக்குள் வரும். 18க்கும் 24க்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றரை மீட்டருக்குள் போய் மண்டியிடுங்கள். கல் திடமாக நிற்கும், பின்னால் இருக்கிற மரங்கள் ஒவ்வொன்றாகக் கரையும். நீங்கள் கேட்கிற தனிமை அப்போதுதான் வரும். பனியில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் கல்லின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

மலைப்பாதை:

ஃபிளாஷ் பற்றி நான் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பனி இறங்கினால் ஹை பீம் போடக் கூடாது என்று எந்த ஓட்டுநரும் சொல்வார். போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். கேமரா மேல் இருக்கிற ஃபிளாஷும் அதே வேலையைத்தான் செய்கிறது. விளக்கு லென்ஸை விட்டு விலகி, பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பனியிலிருந்து அறைக்குத் திரும்பும்போது கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். குளிர்ந்த லென்ஸ் கதகதப்பான அறைக்குள் திடீரென்று வந்தால் உள்ளே எல்லாம் வியர்க்கும்.

சதுரங்கப்பட்டினத்தான்:

பழையலென்ஸ் அண்ணன் சொன்னது பனிக்குச் சரி. எழுத்துக்கு வேறு வைத்தியம். எழுத்து நம் கண்ணுக்குத் தெரிவதே அதன் நிழலால்தான். பனிக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, நிழலே கிடையாது. ஆகவே உங்கள் இரண்டு ஆசையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கேமராவை மாற்றினாலும் இது தீராது.

நான் கற்றுக்கொண்டது சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளில். அங்கே கற்கள் தரையோடு படுத்துக் கிடக்கும் பெரும் பலகைகள். எழுத்தைக் குழித்து வெட்டாமல், சுற்றியுள்ள கல்லைக் குடைந்தெடுத்து எழுத்தை மேடாக விட்டிருப்பார்கள். பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்திலும் அப்படித்தான். அங்கே வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? உச்சி வெயிலில் போனால் அந்தப் பலகைகள் வெறும் கருங்கல். சூரியன் தாழ்ந்து, வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகும்போது 'ஹியர்' என்று தொடங்கும் வரி கண்ணெதிரே எழுந்து வரும். டச்சு மொழியில் 'இங்கே' என்று பொருள். அந்தக் கல்லறைகளில் பல வாசகங்கள் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

படுத்த கல்லுக்குக் காலையும் மாலையும் நல்லது. நின்ற கல்லுக்குக் கணக்கு வேறு, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உங்கள் கல் எந்தத் திசையைப் பார்க்கிறது? பழைய கிறிஸ்தவக் கல்லறைகளைக் கிழக்கு மேற்காக அமைப்பது வழக்கம். கல்லின் முகம் கிழக்கே இருந்தால் காலை வெயில் நேராக முகத்தில் அடித்து எழுத்தை அழித்துவிடும். பொன் வெயில் என்று ஆறரை மணிக்கே போய் நின்று பிரயோசனம் இல்லை. அந்தக் கல்லுக்கு நேரம் நண்பகல்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் நண்பகல் சூரியன் தெற்கே, சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். கிழக்கு பார்த்த கல்லுக்கு எதிரே நீங்கள் நின்றால் தெற்கு உங்கள் இடது கைப்பக்கம். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து கல்லைச் சாய்வாக வருடிக்கொண்டு இறங்கும். அந்தச் சாய்வில்தான் படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு இரண்டுக்கும் நிழல் விழும். வெளிச்சம் எந்தக் கோட்டுக்கு இணையாக ஓடுகிறதோ அந்தக் கோடு மறைந்துவிடும். ஊட்டியில் அந்த மாதங்களில் சூரியன் உச்சிக்கு வருவது 12.20 வாக்கில். 11.45க்கே கல்லுக்கு எதிரே இருங்கள். உச்சி தாண்டியதும் வெயில் கல்லின் முதுகுக்குப் போய்விடும்.

மரநிழல் விழுகிறதென்றால் ஒரு கண்ணாடி எடுத்துப் போங்கள். வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி போதும். வெயில் விழுகிற இடத்தில் ஒருவரை நிறுத்தி, ஒளியைக் கல்லின் ஓரத்திலிருந்து உரசும்படி திருப்பச் சொல்லுங்கள். சதுரங்கப்பட்டினத்தில் சுவர் நிழலுக்குள் கிடந்த ஒரு பலகையை நான் அப்படித்தான் படித்தேன். ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் ஒரு குடும்பச் சின்னம், அதன் மேல் தலைக்கவசம், இலைச் சுருள் எல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றன. கண்ணாடி பிடித்திருந்த என் தம்பி கையை அசைத்ததும் மறுபடி வெறும் கல்.

தேயிலைக்காற்று:

அண்ணா, இப்படி யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. என் படங்களைப் புரட்டிப் பார்த்தேன். கல் கிழக்கேதான் பார்க்கிறது. நான் மூன்று தடவையும் வெயிலில் எடுக்கப் போனது காலையில்.

ஆனால் பனி இருக்கும்போது வெயிலும் இல்லை, கண்ணாடியும் உதவாது. டார்ச் வைத்துச் செய்யலாமா? பனி பெய்த ஒரு சாயங்காலம் கல்லின் வலது கீழ்ப்பக்கத்தில் டார்ச்சைத் தரையில் வைத்துப் பார்த்தேன். எழுத்து தெரிந்தது, ஆனால் குழிந்த எழுத்து மேடாக ஒட்டிவைத்த மாதிரி வந்தது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. இன்னொரு கேள்வி, மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது தப்பா?

கல்வெட்டுக்காரி:

மைப்படி வேண்டவே வேண்டாம். கோயில் கருங்கல்லில் பயிற்சி உள்ளவர்கள் ஈரத்தாளை ஒற்றி எடுப்பது வேறு. உதிர்கிற பளிங்கின் மேல் தாளை வைத்துத் தட்டினால் நீங்கள் படிக்க நினைக்கிற அதே வரிதான் முதலில் போகும். அந்தக் கல்லின் மேல் இருக்கிற பாசியையும் சுரண்டாதீர்கள். வேரோடு பிடுங்குகிற மாதிரி அது கல்லின் மணிகளையும் சேர்த்துக்கொண்டு வரும்.

டார்ச் விஷயத்தில் உங்கள் கண் ஏமாந்ததற்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து வரும் என்று நம் கண் பழகியிருக்கிறது. கீழிருந்து அடித்தால் நிழல் இடம் மாறி, பள்ளம் மேடாகத் தோன்றும். டார்ச்சை இடது மேல்பக்கம் கொண்டு போங்கள். கல்லின் விளிம்பை ஒட்டி, பரப்புக்குப் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் எழும்பாமல் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் நிமிர்த்தினால் நிழல் குட்டையாகி எழுத்து மங்கும்.

வரி மொத்தமும் வரவில்லையென்றால் முக்காலியை அசைக்காமல், டார்ச்சை மட்டும் நாலைந்து இடங்களுக்கு மாற்றி நாலைந்து படம் எடுங்கள். ஒரு கோணத்தில் ஒளிந்துகொள்ளும் எழுத்து அடுத்த கோணத்தில் கிடைக்கும். சில பளிங்கில் ஈயத்தை உருக்கி எழுத்தாகப் பதித்திருப்பார்கள். ஈயம் விழுந்திருந்தால், அது பிடித்திருந்த சின்னச் சின்னத் துளைகளின் வரிசையே எழுத்தைச் சொல்லும். உங்கள் கல்லில் அப்படி ஏதாவது துளை இருக்கிறதா பாருங்கள்.

பழையலென்ஸ்:

டார்ச்சைப் பனியோடு சேர்க்கிற முறையை நான் சொல்லிவிடுகிறேன். கேமரா முக்காலியில். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 8. இருட்டப் போகிற நேரத்தில் ஷட்டர் இரண்டு முதல் நாலு நொடிக்கு வரும். சுற்றிலும் இருக்கிற பனிக்கு ஏற்றபடி எக்ஸ்போஷரை வையுங்கள். அந்த நாலு நொடிக்குள் டார்ச் ஒன்றரை நொடி மட்டும் எரியட்டும். அதன் முன்னால் டிஷ்யூ தாளை இரண்டாக மடித்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லின் ஒரு ஓரம் மட்டும் படத்தில் வெளுத்துப்போகும். படத்தைப் பார்க்கிறவருக்கு விளக்கு வைத்த நினைப்பே வரக் கூடாது. வந்தால் பாதியாகக் குறையுங்கள்.

போவதற்கு முன்னால் தேவாலய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முக்காலி, டார்ச் எல்லாம் சொல்லியே கேளுங்கள். சதுரங்கப்பட்டினம், பழவேற்காடு மாதிரி தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிற இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும்.

மலைப்பாதை:

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்றைக்கு எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் மெழுகுவர்த்தி வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், யாராவது எடுக்கச் சொல்லலாம். என் அம்மாவின் கல்லறையில் நாங்கள் நின்றபோது ஒருவர் கேட்காமலே எங்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினார். இன்னும் மறக்கவில்லை. குடும்பங்கள் போன பிறகு, மெழுகு எரிந்து தீரும் நேரத்தில் போங்கள்.

தேயிலைக்காற்று:

போய் வந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல் முதலில் எழுத்துக்காகப் போனேன். வானம் துடைத்த மாதிரி இருந்தது. 11.50க்குக் கல்லில் ஒன்றுமில்லை. 12.05க்கு மேல் விளிம்பிலிருந்து நிழல் இறங்க ஆரம்பித்தது, ஒவ்வொரு எழுத்தாக. கீழ் வரியில் மாதத்தோடு நாள் கணக்கும் இருந்திருக்கிறது. 'ஏழு மாதம், பன்னிரண்டு நாள்'. மூன்று தடவை போயும் அந்தப் பன்னிரண்டு நாள் என் கண்ணில் படவே இல்லை. நாள் வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் பனி ஏறி வந்தது. அலுவலகத்தில் கேட்டிருந்ததால் யாரும் தடுக்கவில்லை. என் அத்தை மகள் டார்ச் பிடித்தாள். 20இல் வைத்து, மண்டியிட்டு, மூன்று நொடி. முதல் நாலு படம் விளக்கு வைத்தது அப்பட்டமாகத் தெரிந்தது. தாளை இன்னொரு மடிப்பு மடித்தோம். ஏழாவது படத்தில் பின்னால் மரங்கள் கரைந்துவிட்டன, கல் நிற்கிறது, கடைசி வரி படிக்க வருகிறது. பெயர் மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை. கல்வெட்டுக்காரி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி ஐந்து கோணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் துளை தெரிகிறது. படங்களை அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.