ஓவர்கிளாக்கிங் தேவையில்லாத கேமிங் கணினிக்கு எந்த பிராசசர் ஏற்றது?

அனைவருக்கும் வணக்கம். குளச்சலில் கடலை ஒட்டிக் குடியிருக்கும் நான், தம்பிக்கும் எனக்கும் பொதுவாக ஒரு கேமிங் கணினியை அமைக்க இருக்கிறேன். ஓவர்கிளாக்கிங் (பிராசசரை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யும் எண்ணம் அறவே இல்லை. உப்புக்காற்றில் பழைய கணினியின் திருகாணிகள் துருப்பிடித்து, விசிறி கரகரவென்று இரைந்து நின்றுபோனதைப் பார்த்தவன் என்பதால், அதிகம் சூடாகாமல் அமைதியாக ஓடுவதே எனக்கு முக்கியம். எனவே ஓவர்கிளாக்கிங்குக்கென்றே வரும், 'கே' என்று முடியும் இன்டெல் வகைகளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்றே கருதுகிறேன்.

இன்டெல் ஐ5 12400எஃப், ஏஎம்டி ரைசன் 5 7600 ஆகிய இரண்டுக்கும் இடையே தயங்கி நிற்கிறேன். இரண்டிலும் 6 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), 12 திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்கள்). முன்னது டிடிஆர்4 எனும் முந்தைய தலைமுறை ரேமுக்கான மதர்போர்டிலும் பொருந்தும் என்பதால் கையிலுள்ள 16 ஜிபி ரேமை அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, கிராபிக்ஸ் கார்டு பழுதானால் திரையில் எதுவும் வராது. பின்னதற்கு டிடிஆர்5 எனும் புதிய தலைமுறை ரேம் கட்டாயம் என்றாலும், ஏஎம்5 சாக்கெட் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) என்பதால் பிற்காலத்தில் போர்டை மாற்றாமலே பிராசசரை மட்டும் உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது.

கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, திரை 1080பி. பிராசசர் பெட்டியோடு வரும் கூலரே நம் ஊர் ஈரக்காற்றுக்குப் போதுமா? நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் இவற்றைப் பயன்படுத்துவோர், விளையாடும்போது எத்தனை டிகிரி வெப்பம் காட்டுகிறது என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.