தெரு மரம் வாடியதற்குக் காரணம் கண்டுபிடித்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

நிழல்தேடி:
வாசலில் நிற்கும் புங்கை. யாரோ வைத்துவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. முதலில் இலை சிறுத்தது, அப்புறம் உச்சிக் கொம்புகள் மொட்டையாயின. பூச்சி என்றார்கள், வேப்பெண்ணெய் அடித்தாயிற்று. எரு போடச் சொன்னார்கள், அதுவும் ஆயிற்று. மரம் தேறவில்லை.

எனக்கு உறுத்தியது தூர்தான். மற்ற மரங்கள் மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று விரியும். இது நட்ட கம்பம் மாதிரி நேராக உள்ளே இறங்கியது, அதிலும் தெருப்பக்கம் மட்டும் தட்டையாக. களைக்கொத்தியால் மெதுவாக மண்ணை விலக்கினேன். முழங்கை வரை உள்ளே போன பிறகுதான் முதல் பக்கவேர் தட்டுப்பட்டது. அது வெளியே ஓடவே இல்லை. தண்டைச் சுற்றி வளைந்து பட்டைக்குள் பதிந்து கிடந்தது. அதற்கு மேலே தண்டு புடைத்திருந்தது, கீழே மெலிந்திருந்தது. மண்ணுக்குள் இருந்த பட்டையை நகத்தால் தொட்டேன், ஊறிப்போய்க் கையோடு வந்தது. தன் வேரே தன்னை நெரிப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அந்த வேரை வெட்டலாம் என்கிறார் ஒருவர், தொட்டால் செத்துவிடும் என்கிறார் இன்னொருவர். இங்கே யாராவது வெட்டியிருக்கிறீர்களா?

பச்சைமேடு:
நீங்களாவது தோண்டிப் பார்த்தீர்கள். எங்கள் தெருவில் காற்று வந்து காட்டிக்கொடுத்தது. புயல்கூட இல்லை, சாதாரண மழைக்காற்று. தூங்குமூஞ்சி மரம் வேரோடு சரிந்துவிட்டது. அடியில் மண்ணும் வேருமாகப் பெரிய தட்டு பெயர்ந்திருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு வாளி அகலத்துக்குத்தான் வேர்க்கட்டி. அதைச் சுற்றிக் கறுப்பு நாற்றுப் பை அப்படியே இருக்கிறது! தண்ணீர் வடிய பையில் போட்ட ஓட்டைகள் வழியாக நாலைந்து வேர்கள் வெளியே வந்திருந்தன, ஓட்டைக்கிட்டே ஒவ்வொன்றும் நெரிபட்டு. மீதி வேரெல்லாம் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் திரிந்திருக்கிறது. அவ்வளவு பெரிய மரம் அந்த நாலைந்து வேரை நம்பி நின்றிருக்கிறது. நடும்போது பையைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

மண்வாசி:
நிழல்தேடி சொன்னது சரி, ஆனால் வாடுகிற மரத்துக்கெல்லாம் ஆழமாக நட்டதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்த மகிழ மரம் சரியான ஆழத்தில்தான் இருந்தது, தூர் நன்றாக வெளியே தெரிந்தது. ஆனாலும் கொழுந்து இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அடி இலைகள் நன்றாகவே இருந்தன. தண்ணீர் பற்றவில்லை என்று குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுற்றிலும் கொத்திப் பார்த்தேன். இரண்டு கொத்து மண், அதற்குக் கீழே முழுக்கக் காரைக்கட்டி, சிமெண்ட் துண்டு, ஓட்டுச்சில்லு. கட்டட வேலை மிச்சத்தைக் குழியில் கொட்டி மேலே மண் தூவி மரம் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணைக் காரமாக்கிவிடும். அப்புறம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அந்தக் குறை முதலில் தெரிவது புது இலையில். தழைச்சத்துக் குறை என்றால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும், நரம்போடு சேர்ந்து. மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.

கிளைநுனி:
எங்கள் வேப்பமரத்துக்குக் கூண்டுதான் எமன். கன்றைக் காப்பாற்ற வைத்த இரும்புக் கூண்டை யாரும் கழற்றவில்லை. மரம் பருத்து, கம்பியைப் பட்டை விழுங்கிக்கொண்டு, அந்த இடத்திலிருந்து கோந்து வடிந்தது. முட்டுக்கொம்போடு கட்டிய கம்பியும் உள்ளே போயிருந்தது. வெளியே இருந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். உள்ளே போனதை இழுக்க விடவில்லை நான். இழுத்தால் பட்டையே பிய்ந்து வரும்.

வேர்முனை:
என் கதை சின்னது. நடைபாதைக்குப் புதிதாகக் கல் பதித்தபோது மகாகனி மரத்தின் தண்டை ஒட்டி காங்கிரீட் போட்டார்கள், கூடவே குழாய்க்காக ஒரு பக்கம் பள்ளமும் வெட்டினார்கள். பள்ளம் வெட்டிய பக்கக் கிளைகள் மட்டும் காய்ந்தன, எதிர்ப்பக்கம் செழிப்பாக நின்றது. கோடு போட்டுப் பிரித்த மாதிரிப் பாதி மரம் பட்டுப்போனதை அன்றுதான் கண்டேன்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கே எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொல்கிறீர்கள், எல்லாமே நடக்கிறதுதான். ஆனால் மரத்தைப் பார்க்கப் போனால் தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். அதே தெருவில் வேறு வேறு ஜாதி மரங்களும் ஒன்றாக வாடினால் அது பெரும்பாலும் பூச்சியோ நோயோ அல்ல. மண், தண்ணீர், வெட்டுப்பட்ட வேர், கொட்டிய ரசாயனம் இப்படி ஏதோ ஒன்று. உச்சியிலிருந்து சுற்றிலும் காய்ந்துகொண்டு வந்தால் வேரைச் சந்தேகப்படுங்கள். நடுவில் ஒற்றைக் கிளை மட்டும் காய்ந்தால் அந்தக் கிளையில் துளையோ மரத்தூளோ இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த கொம்பை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது, அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

அதற்கப்புறம் தூர். தூரில் காளான் தட்டு வந்திருந்தால் உள்ளே அழுகியிருக்கலாம். ஆட்கள் நடமாடும் இடம் என்றால் அதைத் தெரிந்தவரிடம் காட்டாமல் விடவே கூடாது. பட்டையைத் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்கிறதா என்று. கறையானைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் செத்த பட்டையைத் தேடி வந்ததுதான், பட்டை எதனால் செத்தது என்று கேளுங்கள்.

கடைசியாக மண். தண்ணீர் தேங்கினாலும் இலை வாடும், ஏனென்றால் காற்றில்லாத வேரால் நீரை இழுக்க முடியாது. ஈர மண்ணில் வாடி நிற்கிற மரத்துக்கு மேலும் ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்த்த கொடுமை. கொஞ்சம் தோண்டி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்து வேர் கறுத்திருந்தால் ஊற்றுவதை நிறுத்துங்கள். தண்ணீர் தேவைப்படும் மரத்துக்கும் தூரில் ஊற்றிப் பயனில்லை. உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் 1 அடி, ஒன்றரை அடி மண்ணுக்குள், கிளை நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும்.

நிழல்தேடி:
நன்றி, ஆனால் வேரை வெட்டலாமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே.

வேர்முனை:
வெட்டலாம். நெரிக்கிற வேர் சின்னது என்றால் உளி வைத்து, தண்டின் பட்டையில் படாமல் இரண்டு பக்கமும் துண்டித்து எடுங்கள். பட்டையில் பதிந்துவிட்ட பகுதியைப் பெயர்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வேர் தடிமனாக இருந்தால் அதில்தான் மரம் பாதி குடித்துக்கொண்டிருக்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். தூரைச் சுற்றி விலக்கிய மண்ணைத் திரும்ப மூடாதீர்கள். சருகு, வைக்கோல் என்று மண்மேல் மூடாக்கு போட்டாலும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

பச்சைமேடு:
மண்ணை விலக்கினால் அங்கே குழியாகி மழைத்தண்ணீர் நிற்காதா? கன்றாக இருந்தால் பெயர்த்து உயர்த்தி நடுவதுதான் நல்லது என்பேன்.

வேர்முனை:
கன்றுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. நிழல்தேடியின் புங்கை வளர்ந்த மரம், பெயர்த்தால் இருக்கிற வேரும் போய்விடும். குழியை அகலமாக, கிண்ணம்போலச் சரித்து விட்டு, தாழ்ந்த பக்கம் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் போதும்.

நிழல்தேடி:
சரி. தெருப்பக்கம்தான் தாழ்வு, வாய்க்காலை அந்தப் பக்கமே கீறிவிடுகிறேன். வேர் விரல் தடிமன்தான் இருக்கிறது. மழை விட்டதும் வெட்டிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.